சிறகு மடங்கினால், காற்று பின்னால் தள்ளினால், மேகம் இழுத்தால்

இந்தியப் பெருங்கடலில் இருக்கிற பிரெஞ்சுத் தீவான ரீயூனியனின் மேற்குக் கரையில் சேன்-லே என்று ஒரு ஊர். அதற்கு மேலே, கொலிமசோன் பக்கம், கடல்மட்டத்திலிருந்து சுமார் 800 மீட்டர் உயரத்தில் ஒரு புல் சரிவு இருக்கிறது. அங்கிருந்து பாராகிளைடரில் ஓடிக் கிளம்பினால் காலடியில் வீடுகள், கரும்பு, தமரேன் நெடுஞ்சாலை, கடைசியில் பவளப்பாறைக்கு உள்ளே அடைபட்டுக் கிடக்கிற இளநீலத் தண்ணீர். காரைக்காலிலிருந்து வந்து பதினோரு வருடமாக இந்தத் தீவில் குப்பை கொட்டுகிறேன், அதில் ஏழு வருடம் இந்தச் சரிவில். பாராகிளைடிங்கை, அதாவது காற்று நிரம்பும் துணிச் சிறகில் கயிறுகளால் தொங்கிப் பறப்பதை, இங்கே பாராபாந்த் என்பார்கள். ஊரிலிருந்து பீர் பில்லிங்குக்கோ வாகமணுக்கோ போய்ப் பயிற்சி எடுத்துவிட்டு வரும் தம்பிகள் வாட்சப்பில் ஒரே மாதிரிக் கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். "அண்ணே, இப்படி ஆச்சு, என்ன பண்ணியிருக்கணும்?" அதனால் என்ன நடந்தால் என்ன செய்வது என்ற வரிசையிலேயே எழுதிவிடுகிறேன். இதைப் படித்துப் பறக்கக் கற்றுக்கொள்ள முடியாது, ஏற்கெனவே கற்றவர்களுக்கு ஞாபகப்படுத்தத்தான்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயம் வந்தால் கை தானாகக் கீழே இழுக்கும், கிணற்றில் விழப்போகிறவன் கயிற்றைப் பிடிப்பது போல. பாராகிளைடரில் அந்தக் கயிறு பிரேக். இரண்டையும் கீழே இழுத்தால் சிறகின் வேகம் செத்துப்போகும், வேகம் இல்லாத சிறகு வெறும் துணி. என் பயிற்சியாளர் ரேடியோவில் கத்தினதிலேயே பாதி "மேன் ஓத்!" தான். கையை மேலே விடு என்று அர்த்தம். கீழே வரும் பிரச்சினைகளில் முக்கால்வாசிக்கு முதல் பதில் அதுதான், ஒரே ஒரு இடத்தைத் தவிர.

ஓடும்போதே சிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்து எழுகிறது

சாய்கிற பக்கமே நீங்களும் ஓடி அதற்கு அடியில் போய் நிற்க வேண்டும். எதிர்ப்பக்கம் ஓடி நேராக்கப் பார்த்தால் இன்னும் சாயும். உயர்ந்து நிற்கிற பக்கத்தில் கொஞ்சம் பிரேக், அவ்வளவுதான். மூன்று நான்கு எட்டுக்குள் நேராகவில்லை என்றால் இரண்டு பிரேக்கையும் அடிவரை இழுத்து நிறுத்திவிடுங்கள். பின்னால் பத்துப் பேர் வரிசையில் நிற்கிறார்கள், பயணியோடு காத்திருக்கிற டாண்டம்காரர் முறைக்கிறார் என்று கூச்சப்பட்டுக்கொண்டு கிளம்பினவர்கள்தான் புதரில் கிடக்கிறார்கள்.

எத்தனை முறை தூக்கினாலும் ஒரே பக்கம்தான் சாய்கிறது என்றால் காற்றைத் திட்டாதீர்கள், கயிற்றைப் பாருங்கள். எனக்கு ஒரு காலையில் மூன்று தடவை இடது பக்கமே சாய்ந்தது. நான்காவது தடவைக்கு முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு கயிறாகத் தடவிப் பார்த்தால், இடது பக்கம் நடுவில் இரண்டு மெல்லிய கயிறுகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஒரு விரல் நீளக் கரும்புச் சோகை. முந்தின நாள் இறங்கின தோட்டத்தின் பரிசு. வானத்தில் இருக்கும்போதுதான் முடிச்சு கண்ணில் படுகிறதா? முதலில் மலையை விட்டு விலகுங்கள். லேசான எதிர்ப் பிரேக்கில் நேராகப் போகிறது என்றால், அதை நோண்டாமல் அப்படியே இறங்குமிடத்துக்குப் போங்கள். சும்மா பிடித்து இழுத்து முடிச்சை இறுக்கிக்கொண்டவர்கள் உண்டு.

இன்னொரு வகை, சிறகு தலைக்கு மேல் வராமல் பின்னாலேயே சோம்பேறியாகத் தொங்குவது. சிறகுக்கு வயதாகிவிட்டது என்று அர்த்தமாக இருக்கலாம். பின்வரிசைக் கயிறுகளில் பாரம் குறைவு, அதனால் நாளாக ஆக, முக்கியமாக உப்புக்காற்றிலும் ஈரத்திலும், அவை கொஞ்சம் சுருங்கும். சிறகு எப்போதும் லேசாகப் பிரேக் பிடித்த நிலையிலேயே பறக்கும். பட்டறையில் கொடுத்து நீளத்தை அளக்கச் சொல்லுங்கள், துணி காற்றை எவ்வளவு கசியவிடுகிறது என்பதையும். நான் புயல் மாதங்களில், நவம்பரிலிருந்து ஏப்ரலுக்குள் எப்படியும் பறக்காமல் கிடக்கிற ஒரு வாரத்தில், கொடுத்துவிடுவேன்.

கிளம்பியாயிற்று, ஆனால் உட்கார முடியவில்லை, அக்குளில் தொங்குகிறேன்

கால் பட்டை மாட்டவில்லை. இதுதான் நான் சொன்ன ஒரே விதிவிலக்கு, இங்கே கையை மேலே தூக்கினால் ஹார்னஸிலிருந்து, அதாவது உங்களைத் தாங்கும் இருக்கைப் பட்டையிலிருந்து, வழுக்கிக் கீழே போய்விடுவீர்கள். முழங்கைகளை விலாவோடு இறுக்கிக்கொள்ளுங்கள். இன்னும் ஆள் உயரம்கூட ஏறவில்லை என்றால் அங்கேயே பிரேக்கை இழுத்து விழுந்துவிடுவது மேல், கணுக்கால் சுளுக்கோடு போகும். ஏறிவிட்டீர்கள் என்றால் ரைசரை (சிறகின் கயிறுகளை ஹார்னஸோடு இணைக்கும் பட்டையை) கெட்டியாகப் பிடித்து முழங்காலை மார்புப் பட்டைக்கு மேல் தூக்கிப் போட முடிகிறதா பாருங்கள்.

பட்டையை மறப்பது புதியவர்கள் மட்டும் என்று நினைக்க வேண்டாம். எல்லாம் மாட்டின பிறகு சிறுநீர் கழிக்கப் போனவர், போன் வந்ததால் பாதியில் நிறுத்தினவர், வேறொருவருக்குச் சிறகு விரிக்க உதவப் போய்த் திரும்பினவர், இப்படித்தான் மறக்கிறது. நான் வாய்விட்டுச் சொல்லிக்கொள்வேன்: கால், கால், மார்பு, தலைக்கவசம், கயிறு, காற்று. பக்கத்தில் நிற்பவர் சிரித்தால் சிரிக்கட்டும். யாராவது நடுவில் பேச்சுக் கொடுத்தால் மறுபடி முதல் காலிலிருந்து ஆரம்பம்.

கிளைடர் முன்னே நகரவில்லை, அல்லது பின்னால் போகிறது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சாதாரணச் சிறகு ஒன்று கையை மேலே விட்டால் மணிக்கு 36, 38 கிலோமீட்டர் போகும். எதிர்க்காற்றும் அதே வேகம் என்றால் தரையைப் பொறுத்தவரை நீங்கள் நிற்கிறீர்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் விசை நான்கு மடங்கு, அதனால்தான் டேக் ஆஃபில் 15 கிலோமீட்டரில் விளையாட்டாக இருந்த சிறகு 30இல் ஆளை இழுத்துக்கொண்டு போகிறது.

இந்தத் தீவில் விஷயம் கொஞ்சம் தந்திரமானது. நிரந்தரக் காற்று தென்கிழக்கிலிருந்து வருவது. நடுவில் 3,070 மீட்டர் உயரத்துக்கு பிட்டோன் தே நேழ் நிற்கிறது. அது மறைப்பதால்தான் சேன்-லே பக்கம் அமைதியாக இருக்கிறது, வெயில் ஏற ஏற கடற்காற்று சரிவில் மெதுவாக மேலே வருகிறது, நாம் அதில்தான் பறக்கிறோம். ஆனால் தென்கிழக்குக் காற்று பலமான நாளில், மலையைச் சுற்றிக்கொண்டு இரண்டு பக்கமும் பிதுங்கி வரும், மேலேயிருந்தும் வழியும். அப்போது நாம் இருப்பது மலையின் முதுகுப்புறம், காற்று சுருண்டு புரள்கிற இடம். டேக் ஆஃபில் நின்றால் இது தெரியாது. முன்னாலிருந்து இதமாகத்தான் வீசும். தெற்கே கடலைப் பாருங்கள், தூரத்தில் வெள்ளை நுரை தெரிகிறதா, அந்த நுரைக்கோடு சேன்-லே பக்கம் நகர்கிறதா. கீழே கெலோனியா ஆமை நிலையத்துப் பக்கம் சவுக்கு மரங்கள் எந்தப் பக்கம் சாய்கின்றன. எங்காவது புகை எழுந்தால் அது எங்கே வளைகிறது. சவுக்குத் தோப்புப் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் பழக்கம் அதிகம், பிரெஞ்சு நண்பர்கள் கருவியைத் தட்டிக்கொண்டிருக்கும்போது நான் மரத்தைப் பார்த்தே பையை மூடின நாட்கள் உண்டு.

சரி, மாட்டிக்கொண்டாயிற்று. கை முழுக்க மேலே. ஸ்பீடு பாரை, சிறகின் வேகத்தைக் கூட்டக் காலால் மிதிக்கிற கம்பியை, மெதுவாக, பாதி வரை மிதியுங்கள். முகம் காற்றைப் பார்த்தபடியே இருக்கட்டும், நண்டு நகர்வது போலப் பக்கவாட்டில் நழுவுங்கள். பள்ளத்தாக்கு வாய்களில் காற்று இறுகி வேகம் கூடும், அங்கிருந்து விலகுகிற பக்கம் போங்கள். மேட்டு விளிம்புக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டித் திரும்பாதீர்கள், ஒரே நொடியில் அந்தப் பக்கம் தள்ளிவிடும், விளிம்புக்குப் பின்னால் இருப்பது கடைகிற காற்று. பின்னால் போவதைத் தடுக்கவே முடியாது என்றால், உயரம் நிறைய இருக்கும்போதே திரும்பி, விளிம்பைத் தாண்டி வெகுதூரம் போய் விரிந்த வெளியில் இறங்குவது ஒரு வழி. தாழ்வாக இருக்கும்போது அல்ல.

கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்கினீர்கள் என்றால் கால் தரையைத் தொட்டதும் வேலை முடிந்துவிடவில்லை. சட்டென்று திரும்பி, பின் ரைசர்களை இழுத்துச் சிறகைக் கொன்றுவிட்டு, அதை நோக்கி ஓடுங்கள். பிரேக்கை மட்டும் இழுத்துக்கொண்டு நின்றவர்களைச் சிறகு மைதானம் முழுக்கத் தேய்த்துக்கொண்டு போயிருக்கிறது.

வேரியோ நிற்காமல் கத்துகிறது, சுற்றிலும் வெளுக்கிறது

வேரியோ என்பது ஏறுவதையும் இறங்குவதையும் சத்தத்தால் சொல்கிற கருவி. அது இப்படிக் கத்தினால் மேகம் உறிஞ்சுகிறது. இங்கே காலையில் பறந்து முற்பகலுக்குள் இறங்குவதன் காரணமே இதுதான், சரிவின்மேல் மேகம் நேரம் ஆக ஆகத் தடித்துக்கொண்டே வரும். ஒரு நல்ல விஷயம், மேகம் மலையை ஒட்டி நிற்கும், கடல் பக்கம் பெரும்பாலும் திறந்திருக்கும். அடிவயிறு இருளத் தொடங்கும்போதே கடலைப் பார்த்துத் திரும்பி, இரண்டு காதுகளையும், அதாவது சிறகின் இரு நுனிகளையும், மடித்து, ஸ்பீடு பாரை மிதித்து வெளியேறுங்கள். காது மடித்தால் நொடிக்கு மூன்று மீட்டர் அளவுக்கு இறங்கலாம். இழுப்பு அதைவிடப் பலமாக இருந்தால் B ரைசர் ஸ்டால் (இரண்டாம் வரிசைக் கயிறுகளை இழுத்துச் சிறகின் பறத்தலையே நிறுத்துவது), அல்லது ஸ்பைரல் (சுழன்றுகொண்டே வேகமாக இறங்குவது). ஸ்பைரலில் உடம்பு மூன்று நான்கு மடங்கு கனக்கும், கண் இருட்டும், சில சிறகுகள் பிரேக்கை விட்ட பிறகும் சுற்றிக்கொண்டே இருக்கும், வெளிப்பக்கம் உடம்பைச் சாய்த்து வெளிப் பிரேக் கொடுத்தால்தான் வெளியே வரும். பயிற்சியில் செய்யாதவர் அன்றைக்கு முதன்முறையாகச் செய்ய வேண்டாம்.

2007 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் மனில்லாவில் எவா விஷ்னியெர்ஸ்கா என்ற ஜெர்மன் வீராங்கனையை இடிமேகம் 9,946 மீட்டர் வரை தூக்கிக்கொண்டு போனது. நினைவிழந்து, உறைபனியில், தானாகப் பறந்த சிறகோடு உயிரோடு இறங்கினார். அதே மேகத்தில் போன சீன வீரர் ஹே சோங்பின் இறந்துபோனார். முன்னவர் கதையை மட்டும் சொல்லித் திரிகிறவர்கள் நிறைய.

படார் என்று ஒரு பக்கம் மடங்கியது

1978இல் பிரான்சின் மியுசியில் மூன்று பேர் சதுரப் பாராசூட்டோடு மலையிலிருந்து ஓடிக் கிளம்பினதிலிருந்து இன்றுவரை இந்தச் சிறகுக்கு முழு வடிவம் கொடுப்பது உள்ளே அடைபடும் காற்றும் கீழே தொங்கும் நம் எடையும்தான். காற்று மேலேயிருந்து அடித்தால் மடங்கத்தான் செய்யும். எனக்கு முதல் பெரிய மடிப்பு நெடுஞ்சாலைக்குச் சற்று மேலே வந்தது. ஈரப் போர்வையை மொட்டைமாடியில் உதறுகிற சத்தம், வலது பக்கம் பாதிச் சிறகைக் காணவில்லை, உடம்பு வலது பக்கமாகச் சரிந்து மலை கண்ணுக்கு முன்னால் சுழல ஆரம்பித்துவிட்டது. நான் என்ன செய்தேன்? மடங்கின பக்கத்தையே வெறித்துப் பார்த்தேன், இரண்டு கையையும் இழுத்தேன். ரேடியோவில் அந்தக் கத்தல் கேட்டிராவிட்டால் நன்றாக இருந்த இடது பக்கத்தையும் நானே நிறுத்திக் கொன்றிருப்பேன்.

வரிசை இதுதான். கண் மலைமேல் இருக்க வேண்டும், துணிமேல் அல்ல. கை மேலே. உடம்பின் பாரத்தைத் திறந்திருக்கிற பக்கம் சாய்த்து, அந்தப் பக்கம் நேராகப் போக எவ்வளவு தேவையோ அவ்வளவு பிரேக் மட்டும், ஒரு சிட்டிகைகூட அதிகம் வேண்டாம். மலையை விட்டு விலகி நேராகப் போவது உறுதியான பிறகு, மடங்கின பக்கத்துப் பிரேக்கை ஒரு முறை நீளமாக, ஆழமாக இழுத்து விடுங்கள். துடிதுடித்துப் பத்து முறை தட்டுவதில் பயனில்லை. தொடக்கநிலைக்கு என்று சோதித்த ஏ வகைச் சிறகு என்றால் நீங்கள் ஒன்றும் செய்யாமல் கையை மேலே விட்டாலே பெரும்பாலும் தானாகத் திறந்துகொள்ளும். பி, சி, டி என்று போகப் போக நம் வேலை கூடும். இரண்டு வருடம் பறந்துவிட்டு சி வகைக்குத் தாவுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். வாரம் ஒரு மணி நேரம் பறக்கிறவனுக்கு எதற்கு அது?

முன்விளிம்பு முழுக்கச் சேர்ந்து மடங்கினால் சிறகு பின்னால் போய்த் தொங்கும். கை மேலே, பொறுங்கள், திறந்து முன்னால் பாயும்போது மட்டும் பிடியுங்கள்.

திறந்ததும் ஒரு நுனி கயிறுகளுக்கு நடுவில் சிக்கிக்கொண்டு வரவில்லை, சுற்றல் வேகம் கூடுகிறது என்றால், அந்த நுனிக்கென்று இருக்கும் வெளிக்கயிற்றை ஒரு முறை இழுத்துப் பாருங்கள். நிற்கவில்லையா, ரிசர்வ், அதாவது ஆபத்துக்கென்று வைத்திருக்கிற இரண்டாவது பாராசூட்.

காற்றுச் சத்தம் நின்றுவிட்டது, பிரேக் தளர்ந்திருக்கிறது

பயமுறுத்தாத ஆபத்து இது. சிறகு முழுசாகத் திறந்தே இருக்கும், முகத்தில் காற்று படாது, லிஃப்ட்டில் போவது போல நேர்கீழே இறங்குவீர்கள். பழைய சிறகு, மழையில் நனைந்த சிறகு, காதை மடித்து மெதுவாகப் பறந்தது, இவற்றில் ஏதாவது ஒன்று இருக்கும். கை மேலே, ஸ்பீடு பாரை மிதியுங்கள், அல்லது A ரைசர்களை (முன்வரிசை) முன்னால் தள்ளுங்கள். தரை பக்கத்தில் வந்துவிட்டால் ஒன்றும் செய்யாதீர்கள், கால் இரண்டையும் சேர்த்து, முழங்காலை லேசாக மடக்கி, உருண்டு விழுங்கள்.

பிரேக் கயிறு அறுந்துவிட்டது

பின் ரைசரைப் பிடித்துத் திருப்பலாம், இறங்கலாம். இழுப்பு மிகக் குறைவாக இருக்கட்டும், பிரேக் அளவுக்கு இழுத்தால் ஸ்டால் ஆகிவிடும். அமைதியான நாளில் உயரம் இருக்கும்போது ஒரு முறை செய்து பாருங்கள்.

ரிசர்வை எப்போது?

சுற்றல் உங்கள் கட்டுப்பாட்டில் இல்லை, தரைக்கு 150 மீட்டருக்குக் குறைவாக இருக்கிறது என்றால், சரிசெய்து பார்க்கிற நேரம் முடிந்துவிட்டது. தாமதமாக எறிந்தவர்கள்தான் அதிகம், அவசரப்பட்டு எறிந்து வருத்தப்பட்டவரை நான் சந்தித்ததில்லை. கைப்பிடியைக் கண்ணால் பாருங்கள், பிடியுங்கள், வெளியே இழுங்கள், வெற்று வானத்தைப் பார்த்து வீசுங்கள். கைப்பிடியை விட்டுவிட மறக்காதீர்கள், பயத்தில் பிடித்துக்கொண்டே இருந்தவர்கள் உண்டு. திறந்ததும் பெரிய சிறகைக் கயிறுகளைப் பிடித்துச் சுருட்டிச் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் இரண்டும் மல்லுக்கட்டும். ஐரோப்பியத் தரத்தில் ரிசர்வின் இறக்க வேகத்துக்கு உச்சவரம்பு நொடிக்கு 5.5 மீட்டர், ஒன்றரை மீட்டர் சுவரிலிருந்து குதிப்பதற்குச் சமம். கால் சேர்ந்திருந்தால் தாங்கும். வருடத்துக்கு ஒரு முறையாவது பிரித்து உதறி மறுபடி மடித்து வையுங்கள், ஈரத்தில் ஒட்டிக் கிடக்கும் துணி திறக்க நேரமாகும்.

இறங்குமிடம் எட்டாது, கீழே இருப்பது தண்ணீரோ மரமோ கம்பியோ

மூன்றில் மின்கம்பிதான் மோசம். மரத்தில் மோதலாம், காற்றோடு வேகமாக இறங்கிக் காலை உடைத்துக்கொள்ளலாம், கம்பிக்குப் போகாதீர்கள். தொங்கினால், மின்சாரம் நிறுத்தினதாக உறுதி வரும்வரை யாரும் தொட வேண்டாம் என்று கத்துங்கள். மரம் என்றால் கிளைகளின் நடுவைக் குறிவையுங்கள், தொடைகளை இறுக்கி, முகத்தைக் கையால் மறைத்து உள்ளே போய், கிளையைக் கட்டிக்கொண்டு ஆள் வரும்வரை காத்திருங்கள். மரத்தில் இறங்கும்போது ஒன்றும் ஆகாமல், மரத்திலிருந்து இறங்கும்போது விழுந்தவர்களைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறேன்.

தண்ணீர் என்றால் எல்லோரும் சுறாவைத்தான் கேட்கிறார்கள். பவளத்திட்டுக்கு வெளியே குளிக்கவும் சர்ஃபிங் செய்யவும் 2013லேயே தடை வந்த ஊர் இது, கேட்பதில் தப்பில்லை. ஆனால் பாராகிளைடரில் விழுந்தவனை முதலில் கொல்வது கயிறு. ஹார்னஸின் முதுகுப் பஞ்சு மிதந்து முகத்தை நீருக்குள் கவிழ்க்கும், அலை சிறகை நிரப்பி நங்கூரம் போல இழுக்கும். நீர் நெருங்கியதும் கொக்கிகளைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தபடியே இருங்கள், கால் நனைந்த பிறகு நழுவி வெளியே வந்து, சிறகுக்கு எதிர்ப்பக்கம் நீந்துங்கள். மேலேயிருந்து குதிக்க வேண்டாம், தண்ணீருக்கு மேல் உயரம் கணிக்கவே முடியாது, ஐந்து மீட்டர் என்று நினைத்தது இருபதாக இருக்கும். திட்டுக்கு உள்ளே பல இடங்களில் ஆழம் இடுப்பளவுதான், அங்கே தரையில் இறங்குவது போலவே இறங்குங்கள், செருப்பில்லாமல் பறக்கிறவர்களுக்குப் பவளம் பாடம் சொல்லும்.

உதவிக்கு 112, கடலில் என்றால் 196. எந்த மின்கம்பிப் பாதைக்கு மேலே, எந்தப் பள்ளத்தாக்குக்கு எந்தப் பக்கம் என்று இடத்தைச் சொல்லப் பழகுங்கள், "கரும்புத் தோட்டத்தில்" என்றால் இங்கே மலைமுழுக்கக் கரும்புதான்.

அப்புறம் ஒன்று. எங்கே விழுந்தாலும் உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால் உடனே சிறகைச் சுருட்டி மறைத்துவிடுங்கள். விரிந்து கிடக்கிற சிறகு மேலேயிருந்து பார்க்கிறவர்களுக்கு விபத்து, யாராவது ஹெலிகாப்டரை அழைத்துவிடுவார்கள். நான் முதல் வருடம் இறங்குமிடம் எட்டாமல் ஒரு கரும்புத் தோட்டத்தில் விழுந்து, மூச்சு வாங்கிக்கொண்டு அப்படியே படுத்திருந்தேன், போனில் ஏழு அழைப்புகள். தோட்டத்துக்காரர் நம் வழி வந்த ஒரு மேமே, பாட்டிகளை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள், நெற்றியில் குங்குமம், கையில் கரும்பு வெட்டுகிற கத்தி. தமிழில் சாமி பேர்களும் பாட்டுகளும் மட்டும் தெரியும், மற்றதெல்லாம் கிரெயோல். ஒடிந்த கரும்பை ஒவ்வொன்றாக எண்ணி முடித்துவிட்டுத்தான் என் பக்கம் திரும்பி, உயிரோடு இருக்கிறாயா என்று கேட்டார்.